கருநூற் பெரியார் வான் பேயர்

கோழிமுட்டையை அறியாதார் இலர். குடிசையிலும் மாளிகையிலும் அஃது உண்டு. பேடை 21 நாள் அடைகாக்க, ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளிப்படுதலைச் சிறுபிள்ளைகளும் கண்டு மகிழ்வர். ஆயினும், வெண்கருவும் மஞ்சட்கருவுமன்றி வேறொன்றும் புலப்படாத அம்முட்டையினுள் கண்ணும் காலும் சிறகும் நெஞ்சின் துடிப்பும் எங்ஙனம் வந்தன என்று நின்று வினவியோர் மிகச் சிலரே. வினவியதோடு அமையாது, விடை காணும்பொருட்டுத் தம் இளமையையும் உடல்நலத்தையும் செலவிட்டோர் அச்சிலருள்ளும் சிலர். அன்னாருள் தலைசிறந்தவர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் என்னும் பெரியார்.

இந்நாளைய அறிவியலார், பறவையின் இளங்கருவிலுள்ள உயிரணுக்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, ஒவ்வோர் அணுவிலும் எவ்வெம் மரபணுக்கள் தொழிற்படுகின்றன என்று கணக்கிட்டுப் படமாக வரைகின்றனர். வியத்தற்குரிய இம்முயற்சியின் வேரை நாடிப் பின்னோக்கிச் செல்வோமாயின், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிற்றறையில் ஊசியும் உருப்பெருக்கியும் கொண்டு முட்டைகளை உடைத்துக்கொண்டிருந்த வான் பேயரிடமே வந்து நிற்போம். ஆதலின் அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா என்னும் சிறுநாடு உளது. அஃது அந்நாளில் ருஷியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நாட்டில் பீப் என்னும் ஊரில், ஜெர்மானிய மொழி பேசும் நிலக்கிழார் குடி ஒன்றில், 1792-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நம் வான் பேயர் தோன்றினார். அவர் பெற்றோர்க்கு மக்கள் பலர். அவர்தம் தந்தையின் உடன்பிறந்தார்க்கோ மகப்பேறு இல்லை. ஆதலின் குழந்தைப்பருவத்தில் சிறிய தந்தையார் இல்லத்திலேயே அவர் வளர்ந்தார். வயலும் காடும் சூழ்ந்த அவ்விடத்தில் தொடங்கிய இயற்கை ஈடுபாடு, பின்னர்ச் செடிகொடிகளைத் திரட்டி ஆராயும் விருப்பமாக முதிர்ந்தது.

இக்காலத்தில் தாலின் என வழங்கும் ரெவால் நகரத்துப் பள்ளியில் பயின்றபின், 1810-ஆம் ஆண்டில் டார்ப்பட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்கச் சேர்ந்தார். டார்ப்பட் இக்காலத்துத் தார்த்து நகரம். அங்கே அவர் பயிலுங்கால், 1812-இல் நெப்போலியன் ருஷியாவின்மீது படையெடுத்தான். ரீகா நகர் முற்றுகைக்கு உள்ளாயிற்று. காயமுற்றோரும் நச்சுக்காய்ச்சலுற்றோரும் மருத்துவமனைகளில் நிரம்பினர். மருத்துவ மாணவர் சிலர் தொண்டுபுரியச் சென்றபோது இருபது வயதினரான பேயரும் உடன்சென்றார். சென்ற இடத்தில் தாமும் அந்நோய்வாய்ப்பட்டு, உயிர் பிழைத்து மீண்டார்.

1814-இல் மருத்துவப் பட்டம் பெற்றாராயினும், நோயாளியைக் குணப்படுத்தும் ஆற்றல் தமக்கு உண்டு என்னும் நம்பிக்கை அவர்க்குப் பிறக்கவில்லை. மேலும் பயிலக் கருதி வியன்னா சென்றார். அங்கும் உள்ளம் மருத்துவத்தில் நிலைகொள்ளாது, மலைகளையும் பசும்புல் வெளிகளையும் நாடி அலைந்தது. இவ்வாறு வழியறியாது தடுமாறிய காலையில்தான், வுர்ட்ஸ்பர்க் நகரத்தில் டெல்லிங்கர் என்னும் ஆசிரியர் விலங்குகளின் உடலமைப்பை ஒப்பிட்டுக் கற்பிக்கின்றார் என்று கேள்வியுற்றார். 1815-இல் அவரை நாடிச் சென்றார்.

ஆசிரியரும் அட்டையும்

சென்றவர்க்குக் கிடைத்தது ஏமாற்றம். அப்பருவத்தில் அப்பாடத்தைப் பற்றி விரிவுரை ஆற்றுவதாக இல்லை என்று டெல்லிங்கர் கூறிவிட்டார். மாணவர் முகம் வாடி நின்றதைக் கண்ட அவ்வாசிரியர், விரிவுரை எதற்கு, ஏதேனும் ஓர் உயிரைக் கொண்டுவந்து இங்கேயே அறுத்துப் பார்க்கலாமே என்றார். பேயர் மருந்துக்கடைக்குச் சென்று ஓர் அட்டையை வாங்கிவந்தார். அறுக்கும் முறையையும் நோக்கும் முறையையும் ஆசிரியர் அருகிருந்து காட்டினார். ஒன்றன்பின் ஒன்றாகப் பல விலங்குகள் அம்மேசைமேல் வந்தன. அலைந்துகொண்டிருந்த உள்ளம் அன்று ஒரு நிலைக்கு வந்தது. நூல்களின் வாயிலாகப் பெற்ற அறிவினும் கண்ணால் கண்டு கையால் தொட்டுப் பெற்ற அறிவே அவர்க்கு வழிகாட்டியதாயிற்று.

கோழிக்கருவின் வளர்ச்சியை மீண்டும் முறையாக ஆராய்வார் ஒருவர் வேண்டும் என்பது டெல்லிங்கரின் நெடுநாள் விருப்பம். ஆனால் அதற்குப் பொருள் மிக வேண்டும். நாள்தோறும் முட்டைகள் வாங்க வேண்டும். அடைகாக்கும் பொறியின் வெப்பத்தை இரவும் பகலும் காக்க ஆள் வேண்டும். கண்டவற்றை வரையவும் செப்புத்தகட்டில் செதுக்கவும் ஓவியர் வேண்டும். பேயரிடம் அத்துணைப் பொருள் இல்லை. ரீகா நகரத்துச் செல்வர் ஒருவரின் மைந்தரும் தம் நண்பருமாகிய பாண்டர் என்பாரை அவர் அங்கு வருமாறு தூண்டினார். பாண்டர் அப்பணியை ஏற்று, 2,000-க்கு மேற்பட்ட முட்டைகளை உடைத்து ஆராய்ந்து, டால்டன் என்னும் ஓவியரின் துணையோடு 1817-இல் தம் நூலை வெளியிட்டார். கோழிக்கரு முதலில் மூன்று மெல்லிய படலங்களாக அமைகின்றது என்னும் உண்மை அந்நூலால் உலகிற்குத் தெரிந்தது. தாம் ஆற்ற விரும்பிய பணியை வறுமை காரணமாக நண்பர்க்கு விட்டுக்கொடுத்த பேயர், அழுக்காறு கொள்ளாது அப்புகழ் பாண்டர்க்கே உரியது என்று போற்றினார். தம் பெருநூலையும் பின்னாளில் அவர்க்கே உரிமையாக்கினார்.

பழைய வழக்கு

பேயர் புகுந்த துறையில் பழைமையான வழக்கு ஒன்று நிலவியது. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் நாளுக்கொரு முட்டையாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாளில் குருதித் துளிபோல் துடிக்கும் நெஞ்சைக் கண்டு எழுதினார். ஆங்கில நாட்டு ஹார்வி 1651-இல் தம் கருத்துகளை வெளியிட்டார். இத்தாலிய நாட்டு மால்பிகி 1672-இல் நுண்ணோக்கியின் துணையால் இளங்கருவின் வடிவங்களை வரைந்தார். எனினும், முழு உருவமே மிக நுண்ணியதாய் முட்டையுள் முன்னரே மடங்கிக் கிடந்து பின் விரிகின்றதா, அன்றி உருவற்றதிலிருந்து உருவம் படிப்படியாகத் தோன்றுகின்றதா என்னும் வினா முடிவு பெறவில்லை. முன்னதே உண்மை என்று 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அறிஞர் பலர் நம்பினர். ஒரு முட்டையுள் ஒரு கோழி, அக்கோழியினுள் முட்டை, அதனுள் மற்றொரு கோழி என்று முடிவின்றி அடுக்கவேண்டிய இடர்ப்பாட்டையும் அவர்கள் பொருட்படுத்திலர். வோல்ஃப் என்பார் 1759-இல் இக்கொள்கையை மறுத்து, உறுப்புகள் புதியனவாய்த் தோன்றுகின்றன என்று காட்டியும், அவர் வாழ்நாளில் செவிசாய்த்தோர் சிலரே.

கோனிக்ஸ்பர்க் வாழ்வு

1817-இல் பேயர் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றுத் துறையில் பணி ஏற்றார். அந்நகரம் இக்காலத்தில் கலினின்கிராது எனப்படும். டார்ப்பட்டில் அவர்க்கு ஆசிரியராய் இருந்த புர்தாக் என்பாரே அவரை அங்கு அழைத்தவர். 1820-இல் அந்நகரத்துப் பெண்மணி அகஸ்தா என்பாரை மணந்தார். பாண்டரின் நூலைப் பயின்ற பேயர், தாமே கண்டாலன்றி முழுத்தெளிவு பிறவாது எனத் துணிந்து, கோழிமுட்டைகளைத் தாமும் உடைக்கத் தொடங்கினார். அப்பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஒரு மணியில் உள்ள நிலை அடுத்த சில மணிகளில் மாறிவிடுமாதலின், வளர்ச்சியின் ஒவ்வொரு படியையும் காண எண்ணற்ற முட்டைகள் வேண்டியிருந்தன.

அவர் கண்டவை யாவை? அடைகாக்கத் தொடங்கிய முதல்நாளிலேயே, மஞ்சட்கருவின்மேல் உள்ள சிறு வட்டத்தில் ஒரு மெல்லிய கீற்று எழுகின்றது. அதனை அடுத்து, முதுகின் நடுவே ஒரு நாண் தோன்றுகின்றது. முதுகெலும்பு உண்டாவதற்கு முன்னரே அவ்விடத்தில் அமையும் இம்முதுகுநாணைக் கண்டறிந்து கூறியவர் பேயரே. கருவின் தட்டையான படலங்கள் மடிந்து குழல்களாகின்றன. ஒரு குழல் மூளையும் தண்டுவடமும் ஆகின்றது, மற்றொன்று குடலாகின்றது. முதலில் இரு பெரும்பிரிவாய் நிற்கும் படலங்கள் மேலும் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. பிரிந்தவற்றிலிருந்து உறுப்புகள் தோன்றுகின்றன. முன்னரே அமைந்த சிறுகோழி ஒன்று அங்கே எவ்விடத்தும் காணப்படவில்லை.

இவ்வனைத்தையும் 1828-ஆம் ஆண்டில் விலங்குகளின் வளர்ச்சி வரலாறு பற்றிய தம் பெருநூலின் முதற்பகுதியில் வெளியிட்டார். உற்றுநோக்கலும் சிந்தனையும் என்னும் பொருள்படும் துணைத்தலைப்பை அந்நூலுக்கு அளித்தார். கண்டதைக் கூறுவது ஒரு பகுதி. கண்டதன் பொருளைக் கூறுவது மற்றொரு பகுதி. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாது தனித்தனியே வைத்த நேர்மையே அந்நூலின் உயிர்நிலை எனலாம்.

பொதுவும் சிறப்பும்

அந்நூலின் புகழ்பெற்ற பகுதி, கருவளர்ச்சிக்குரிய நான்கு விதிகள். அவற்றின் கருத்து வருமாறு: ஒரு பெருங்குழுவைச் சேர்ந்த விலங்குகட்கெல்லாம் பொதுவான இயல்புகள் கருவில் முன்னர்த் தோன்றும், சிறப்பியல்புகள் பின்னர்த் தோன்றும். பொதுவானவற்றிலிருந்தே சிறப்பானவை கிளைக்கும். ஓர் இனத்தின் கரு வளருந்தோறும் பிற இனங்களின் கருவினின்று விலகிச் செல்லும். ஆதலின் உயர்ந்த விலங்கின் கரு, தாழ்ந்த விலங்கின் வளர்ந்த உருவத்தை ஒருகாலும் ஒத்திராது. அதன் கருவையே ஒத்திருக்கும்.

இலக்கணம் பயிலும் நமக்கு இம்முறை புதியதன்று. பொதுப்பாயிரம் கூறிப் பின் சிறப்புப்பாயிரம் கூறுதலும், பொதுவிதி வகுத்துப் பின் சிறப்புவிதி வகுத்தலும் நம் நூலாசிரியர் கைக்கொண்ட நெறி. அந்நெறியை இயற்கையும் கைக்கொள்ளுகின்றது என்பதே பேயர் கண்ட உண்மை. கோழிக்குஞ்சு முதலில் முதுகெலும்புடைய உயிர், பின்னர்ப் பறவை, பின்னர் நிலத்தில் வாழும் பறவை, இறுதியிலேயே கோழி. முட்டையினுள் இயற்கை எழுதும் நூல் இவ்வாறு பொதுவில் தொடங்கிச் சிறப்பில் முடிகின்றது.

இதற்குச் சான்றாக அவரே எடுத்துரைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இரண்டு சிறு கருக்களை அவர் மதுசாரத்தில் இட்டு வைத்திருந்தார். அவற்றின் பெயரைக் குறித்து ஒட்ட மறந்துவிட்டார். பின்னர் எடுத்து நோக்கியபோது, அவை பல்லியின் கருவா, பறவையின் கருவா, பாலூட்டியின் கருவா என்று துணியக் கூடவில்லை. கைகால்கள் இன்னும் தோன்றவில்லை. தலையும் உடலும் அத்துணை ஒத்திருந்தன. சீட்டு இல்லாத குப்பியொன்று, சீட்டெழுதிய குப்பிகள் கற்பியாத பாடத்தைக் கற்பித்தது.

சினையைக் கண்ட நாள்

அவர் பெருநூல் வெளிவருதற்கு முன்னாண்டில், அதாவது 1827-இல், மற்றொரு பெருங்கண்டுபிடிப்பும் அவர் கைக்கு எட்டியது. பறவைக்கு முட்டை உண்டு என்பதை யாவரும் அறிவர். ஆனால் நாய், ஆ, மாந்தர் முதலிய பாலூட்டிகளின் தொடக்கம் யாது என்பதை எவரும் கண்டிலர். டிகிராஃப் என்பார் 17-ஆம் நூற்றாண்டில் சூலகத்திலுள்ள சிறு கொப்புளங்களைக் கண்டு அவையே முட்டை என்று கருதினார்; அக்கருத்துப் பொருந்தவில்லை. பேயர் தேடுவதறிந்த புர்தாக், தம் வீட்டில் வளர்ந்த பெண்நாயையே ஆராய்ச்சிக்கு அளித்தார். அதன் சூலகக் கொப்புளத்தினுள் மஞ்சள்நிறப் புள்ளியொன்று வெறுங்கண்ணுக்கே புலப்பட்டது. அதனை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்த பேயர், மின்னல் தாக்கினாற்போல் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவேயுள்ள சினையொன்று தெளிவாக அங்கே இருந்தது. மயக்கமோ என்று அஞ்சி, மீண்டும் நோக்குதற்கே துணிவு வேண்டியிருந்தது என்பர். கோழிமுதல் மாந்தர்வரை யாவர்க்கும் தொடக்கம் முட்டையே என்பது அன்று உறுதியாயிற்று.

இத்துணைப் பெரிய செய்தி உலகத்தை அசைத்திருக்கும் என நாம் எண்ணுவோம். நிகழ்ந்தது வேறு. 1828-இல் பெர்லினில் இயற்கைநூலாரும் மருத்துவரும் கூடிய பேரவைக்குப் பேயர் சென்றபோது, அதனைப்பற்றிப் பேசினார் எவருமிலர். கூட்டம் முடியுந் தறுவாயில் சுவீடன் நாட்டு அறிஞர் ஒருவரே சினையைக் காட்டுமாறு வேண்டினார். பேயர் தம் ஏமாற்றத்தை வெளிக்காட்டாது காட்டி விளக்கினார். ஆயினும் அவ்வடு அவர் உள்ளத்தில் நெடுங்காலம் ஆறவில்லை.

கதிர்முற்றிய வயல்

இவர்தம் வாழ்வில் நாம் மறவாது கருதத்தக்க நிகழ்ச்சி இனிக் கூறப்படுவது. கோனிக்ஸ்பர்க்கில் அவர் வாழ்ந்த பிற்காலத்தில், ஓராண்டு வெண்பனி நிலத்தை மூடியிருந்தபொழுது ஆராய்ச்சியறையினுள் புகுந்தவர், முட்டையும் நுண்ணோக்கியுமன்றி வேறொன்றும் அறியாதவராய் அடைந்து கிடந்தார். மனைவியாரும் மக்களும் அவரைக் காண்பது அரிதாயிற்று. செரிமானம் கெட்டது, உடல் நலிந்தது. ஒருநாள் நகரின் மதிற்புறத்தே சில நூறு அடி நடந்துசென்றவர், வயலில் கம்புப்புல்லை ஒத்த ரை என்னும் கூலம் கதிர்விட்டு நிற்றலைக் கண்டு திகைத்தார். இளவேனில் வந்ததும் போனதும் அவர்க்குத் தெரியவில்லை. உலகின் உயிர்களெல்லாம் தளிர்த்துப் பூத்த காலத்தில், உயிரின் தோற்றத்தை ஆராய்ந்த அவர் மட்டும் அதனைக் காணாது இருந்துவிட்டார்.

அவர் தரையில் வீழ்ந்து தம்மைத் தாமே நொந்துகொண்டார். இயற்கையின் விதிகள் எப்படியும் ஒருநாள் வெளிப்படும்; தாம் காணாவிடின் மற்றொருவர் காண்பர்; இவ்வாண்டில் காணாவிடின் வரும் ஆண்டில் காண்பர்; ஆனால் ஒருவர் இழந்த இளவேனிலை மற்றொருவர் மீட்டுத்தர மாட்டார் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. இதனைச் சோர்ந்தார் சொல்லெனத் தள்ளுதல் ஆகாது. புகழுக்காக உழைப்பவன் பிறர் முந்திவிடுவரோ என்று நடுங்குவான். உண்மைக்காக உழைப்பவனோ, பிறர் கண்டாலும் உண்மை உண்மையே என்று அமைதி கொள்வான். பாண்டர்க்குப் பணியை விட்டுக்கொடுத்த இளைஞரும், வயலோரத்தில் நொந்து வீழ்ந்த அறிஞரும் ஒரே உள்ளத்தினர் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

பிற்கால வாழ்வு

1834-இல் பேயர் கோனிக்ஸ்பர்க்கை விட்டுச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து அறிவியற் கழகத்தில் பணியாற்றச் சென்றார். பெருநூலின் இரண்டாம் பகுதி முற்றுப்பெறாத நிலையிலேயே 1837-இல் பதிப்பாளரால் வெளியிடப்பட்டது. அறையில் அடைந்துகிடந்தவர் இப்பொழுது உலகைக் காணப் புறப்பட்டார். அதே 1837-இல் வடகடலிலுள்ள நோவாயா செம்லியா என்னும் பனித்தீவுக்குச் சென்று, செடிகளையும் விலங்குகளையும் ஆராய்ந்தார். 1853 முதல் சில ஆண்டுகள் காஸ்பியன் கடலின் மீன்வளத்தை ஆராய்ந்து, அது குறைவதன் காரணங்களை அரசுக்கு எடுத்துரைத்தார். ஆறுகளின் கரை ஒருபுறம் மிக அரிக்கப்படுதற்கு நிலவுலகின் சுழற்சியே காரணம் என்று கூறியதும் அவர் பெயரால் வழங்குகின்றது.

1859-இல் டார்வினுடைய நூல் வெளிவந்தது. கருக்களின் ஒப்புமையைத் தம் கொள்கைக்குச் சிறந்த சான்றாக டார்வின் எடுத்தாண்டார். பேயரோ, உயிரினங்கள் ஓரளவு மாறக்கூடும் என்று ஒப்பினாரேனும், இயற்கைத் தேர்வு ஒன்றே எல்லாவற்றையும் விளக்கும் என்பதை ஏற்கவில்லை. தாம் தேடிக் கண்ட சான்று தாம் ஏற்காத கொள்கைக்குத் தூணாயிற்று. அறிவுலகில் இத்தகைய முரண்கள் பல உள. உண்மை தன்னைக் கண்டவரின் விருப்பத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

முதுமையில் பேயர் தாம் கற்ற டார்ப்பட் நகரத்துக்கே மீண்டார். கண்ணொளி மங்கியும் அறிவொளி மங்காது வாழ்ந்து, 1876-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், 84 அகவை நிரம்பியவராய் உலகு நீத்தார். அந்நகரத்துக் குன்றின்மேல் 1886-இல் அவர்க்குச் சிலை நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 30-ஆம் நாள் இரவில் மாணவர் அச்சிலையின் தலையைக் கழுவுதல் அவ்வூர் வழக்கம். எஸ்தோனியா விடுதலை பெற்றபின் 1992-இல் வெளியிட்ட இரண்டு குரோன் பணத்தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. 2011-இல் யூரோ வரும்வரை அது வழங்கிற்று.

அவர் காணாததும் நாம் காண்பதும்

1828-இல் பேயர் கண்டவை படலங்களே. விலங்குடல் முழுதும் உயிரணுக்களால் ஆயது என்பதை ஷ்வான் 1839-இல்தான் நிறுவினார். இடப்பட்ட முட்டையில் கோழிக்கரு ஏற்கெனவே பல்லாயிரம் அணுக்களைக் கொண்டது என இன்று அறிவோம். 2004-இல் கோழியின் மரபுத்தொகுதி முழுதும் படிக்கப்பட்டது. அது ஏறத்தாழ 100 கோடி எழுத்துகளைக் கொண்ட ஏடு. ஓர் உடலின் அணுக்களிடத்து அவ்வேடு பெரும்பாலும் ஒன்றே. அவ்வாறாயின் ஓரணு மூளையாகவும் மற்றோரணு குடலாகவும் வேறுபடுவது எதனால்? ஏடு ஒன்றாயினும் அணுதோறும் படிக்கப்படும் பக்கம் வேறு என்பதே விடை. தொழிற்படும் மரபணு ஒவ்வொன்றும் ஆர்.என்.ஏ. என்னும் படிகளை உண்டாக்கும். அப்படிகளை எண்ணினால் அவ்வணு எப்பக்கத்தைப் படிக்கின்றது என்பது புலனாகும்.

இதனை ஓரணுவில் செய்தல் 2009-இல் முதன்முதல் எலிக்கருவின் அணுவில் கைகூடியது. 2015-இல் எளிய முறைகள் தோன்றின. கருவை நொதிகளால் தனித்தனி அணுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளி ஒன்றனுள் அடைக்கின்றனர். அத்துளியுள் ஒரு நுண்மணி இருக்கும். அம்மணி தனக்கே உரிய அடையாளக் குறியை அவ்வணுவின் படிகள் அனைத்திலும் ஒட்டிவிடும். பின்னர் எல்லாவற்றையும் கலந்து படித்தாலும், எப்படி எவ்வணுவினது என்று பிரித்தறியலாம். பேயரின் குப்பியில் இல்லாத சீட்டு, இன்று ஆயிரக்கணக்கான அணுக்களுக்குத் தனித்தனியே எழுதப்படுகின்றது. ஆனால் பிரித்தெடுக்கும்பொழுது அணு இருந்த இடம் மறைந்துபோம். ஆதலின் கருவை மெல்லிய தகடுகளாக அரிந்து, இருந்த இடத்திலேயே வைத்துப் படிக்கும் முறைகளையும் துணைக்கொள்கின்றனர்.

இம்முறைகளால் பேயரின் கூற்று எந்நிலை எய்தியது? அவர் கண்ட கீற்றிலும் முதுகுநாணிலும் பிராக்கியூரி என்னும் மரபணு தொழிற்படுகின்றது. வால் குறுகிய எலிகளில் 1927-இல், அதாவது அவர் சினையைக் கண்டு சரியாக நூறாண்டு சென்றபின், முதலில் அறியப்பட்ட மரபணு அது. கீற்றெழுங் காலத்தில் ஒருபடித்தாய் இருந்த அணுக்கள், தொழிற்படும் மரபணுக்களால் வெவ்வேறு குழுக்களாய்ப் பிரிந்து, மூன்று படலங்களின் இயல்பையும் எய்துதல் கணக்கிலும் தெரிகின்றது. எனினும் எல்லைகள் அவர் கருதியவாறு கடுமையானவை அல்ல. கருவின் வாற்புறத்தே, தண்டுவடத்துக்குரிய மரபணுவும் தசைக்குழுவின் பக்கத்துக்குரிய மரபணுவும் ஒருங்கே தொழிற்படும் அணுக்கள் உள. அவை இருவழியும் செல்ல வல்லன. மற்றும், 2011-இல் எலி, கோழி, தவளை, மீன் ஆகியவற்றின் கருக்களின் மரபணுத் தொழிலை ஒப்பிட்டு ஆராய்ந்தோர், அவை மிக ஒத்திருப்பது தொடக்கத்தில் அன்று, உடலின் அடிப்படை அமையும் இடைநிலையிலேயே என்று கண்டனர். ஆகவே பொது முதலிலும் சிறப்புப் பின்னுமாம் என்னும் விதி இடைநிலைக்குப் பின்னர் நன்கு பொருந்துகின்றது. அதற்கு முற்பட்ட நாள்களுக்குத் திருத்தம் வேண்டுகின்றது.

இத்திருத்தத்தால் பேயர் பெருமை குன்றுமோ? குன்றாது என்பதே எம் துணிபு. கண்டதையும் கருதியதையும் தனித்தனியே வைத்தாராதலின், அவர் கருதியது திருத்தம் பெற்ற பின்னரும் அவர் கண்டது நிலைபெற்றுள்ளது. கீற்றும் நாணும் படலமும் சினையும் இன்றும் அவர் கூறியவாறே உள்ளன. தாம் காணாததை மற்றொருவர் காண்பர் என்று அவர் வயலோரத்தில் எண்ணியதும் மெய்யாயிற்று.

உடன்பயிலும் நண்பர்காள்! நம்முள் ஆராய்ச்சிக்கூடத்தில் முட்டையை உடைப்போரும் உளர். ஓலைச்சுவடியைப் புரட்டுவோரும் உளர். எத்துறையினராயினும் பேயரிடத்துக் கற்கவேண்டுவன மூன்று. கண்ணால் காணாததைக் கண்டதாகக் கூறாமை ஒன்று. பிறர் முந்தினும் மகிழும் பெருந்தன்மை ஒன்று. உழைப்பின் நடுவே, கதவுக்கு வெளியே கதிர்விடும் வயலையும் வாயிலில் காத்திருக்கும் மனையோரையும் மறவாமை ஒன்று. முதல் இரண்டையும் அவர் தம் வெற்றிகளால் கற்பித்தார். மூன்றாவதைத் தாம் இழந்த ஓர் இளவேனிலால் கற்பித்தார்.